கொல்லைப்புறத்தில் பன்னிரண்டு மாதம்



"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று ஒரு பழமொழி உண்டு. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தபோது, துணிமூட்டையோடு இந்தப் பழமொழியையும் சுமந்து வந்தார்கள். தமிழ்நாட்டில் அது பொன்னான சொல். ஆடியில் விதைத்து வேரூன்றிய பயிரை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை வளர்த்துக் கொடுத்துவிடும்.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் குடியிருக்கும் மலேசியாவின் மேற்குக் கரையில், பேராக்கிலும் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும், ஆனியும் ஆடியின் முற்பகுதியும் மழை குறைந்த காலம். அப்போது ஆசையோடு விதை போடுகிறோம். நாற்று வாடுகிறது. வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து அலுத்துப் போகிறோம். கடைசியில், "நமக்குக் கைராசி இல்லை" என்று மண்வெட்டியைச் சாத்திவிடுகிறோம். கைராசியில் ஒரு குறையும் இல்லை, நேயர்களே. அந்தப் பழமொழி வேறொரு வானத்தைப் பார்த்துச் சொன்னது. நாம் நம் தலைக்கு மேல் இருக்கும் வானத்தைப் பார்த்து விதைக்க வேண்டும். இன்றைய பேச்சின் பொருள் அதுதான்.

வீட்டின் பின்புறம் நாலு செடி வைப்பது பொழுதுபோக்குக்காக மட்டும் அன்று. 2019-ஆம் ஆண்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 பேருக்கு 3 பேர் இரத்தச்சோகை உள்ளவர்கள். விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போய், திரும்பி வந்து மீண்டும் அடுப்படியில் நிற்கும் தாய்மார்களை நாம் அறிவோம். "தலை சுற்றுகிறது, கால் கனக்கிறது" என்று அவர்கள் சொல்வதை வயதின் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதோடு வீட்டில் தினமும் ஒரு கீரை வேண்டும். சந்தை தொலைவில் இருக்கிறது, காய்கறி லாரி வாரத்தில் சில நாள்தான் வருகிறது என்றால், அந்தக் கீரை கொல்லைப்புறத்திலிருந்துதான் வந்தாக வேண்டும்.

இந்த எண்ணம் புதியதும் அன்று. ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி வரத்து குன்றியபோது நம் தோட்டப்புற மக்களின் உயிரைக் காத்தது மரவள்ளிக்கிழங்கு. பின்னர் 1974-ஆம் ஆண்டில், விலைவாசி ஏறியிருந்த வேளையில், பிரதமர் துன் அப்துல் ரசாக்கின் அரசாங்கம் 'புக்கு ஹிஜாவ்' எனப்பட்ட பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றிக் காய்கறி பயிரிடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. பஞ்சம் வந்தபோதும் விலை ஏறியபோதும் நாம் மண்ணைத்தான் நாடினோம். நல்ல காலத்திலும் அதை விடாதிருப்பது அறிவுடைமை.

மூடிய மண்ணே நல்ல மண்

மழைக்காலம், வெயில்காலம் என்று பார்ப்பதற்கு முன், மண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நம் நாட்டின் பல பகுதிகளில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அது வரமும் ஆகும், கேடும் ஆகும். லயத்து வீட்டின் தகரக் கூரை ஓரத்தைப் பாருங்கள். சொட்டிய தண்ணீர் கீழே மண்ணில் கோடு போட்டாற்போல் பள்ளம் பறித்திருக்கும். திறந்து கிடக்கும் பாத்தி முழுவதிலும் மழை இதே வேலையைத்தான் செய்கிறது. மேல்மண்ணை அடித்துக்கொண்டு போகிறது. மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் சாம்பல் சத்தையும் கரைத்துக் கொண்டு போகிறது. ஆகவேதான் நம் செம்மண் புளித்த மண்ணாக இருக்கிறது. வெயில் வந்தாலோ, அதே மண் ஓடு போல் இறுகிவிடுகிறது.

இதற்கு மருந்து என்ன? மண்ணை மூடி வைப்பதுதான். இது உங்களுக்குத் தெரியாத வித்தை அன்று. இளஞ்செம்பனைக்கும் இளம் பால்மரத்துக்கும் இடையில் நிர்வாகம் கொடிப்பயிர் படரவிடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். வெட்டிய செம்பனை மட்டையை வரிசையாக அடுக்கிப் போடுகிறவர்களே நீங்கள்தானே? கொடி மண்ணை மூடுகிறது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. மட்டை மக்கி உரமாகிறது. இந்த அறிவு தோட்டத்து மண்ணுக்குப் பயன்படுகிறது. நம் வீட்டு மண்ணுக்கும் அது பயன்படட்டும்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு சிறு சோதனை செய்து காட்டுவோம். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு பழைய பால் டின்களின் அடியில் துளையிட்டு, ஒரே மண்ணை நிரப்புங்கள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றின்மேல் இரண்டு விரற்கடை உயரம் காய்ந்த இலையைப் போட்டு மூடுங்கள். மற்றதைத் திறந்தே விடுங்கள். மூன்று நாள் வெயிலில் வைத்துவிட்டு விரலை நுழைத்துப் பாருங்கள். எதில் ஈரம் இருக்கிறது என்பதை உங்கள் விரலே சொல்லும்.

அடுத்தது மக்கிய உரம். 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரத்துக்கு ஒரு குவியல் போதும். காய்ந்த இலை ஓர் அடுக்கு, அதன்மேல் காய்கறித் தோலும் பச்சைத் தழையும் ஓர் அடுக்கு, அதன்மேல் ஆட்டுப் புழுக்கையோ மாட்டுச் சாணமோ ஓர் அடுக்கு என்று அடுக்கி வாருங்கள். பிழிந்த துணியின் ஈரம் இருந்தால் போதும். பத்து நாளுக்கு ஒரு முறை கிளறிவிட்டால், நம் நாட்டுச் சூட்டில் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, பொலபொலவென்று ஆகிவிடும். குவியலின்மேல் ஒரு பழைய தகரமோ சாக்கோ போட்டு மூடுங்கள். மழையில் நனையும் குவியலிலிருந்து சத்து ஒழுகிப் போய்விடும். மீன் கழிவும் சோற்று மிச்சமும் வேண்டாம், எலி வரும். கோழி எச்சத்தைப் புதிதாகச் செடிக்குப் போட்டால் வேர் வெந்துவிடும். குவியலில் மக்கிய பிறகே போட வேண்டும்.

புளித்த மண்ணுக்கு விறகுச் சாம்பல் நல்லது. கோயில் அன்னதானத்துக்கும் கலியாண வீட்டுக்கும் விறகடுப்பு மூட்டுகிறோம் அல்லவா? அந்தச் சாம்பலை எடுத்து வைத்து, ஒரு கஜச் சதுரத்துக்கு ஒரு கைப்பிடி தூவிக் கிளறுங்கள். சாயம் பூசிய பலகையையோ நெகிழியையோ எரித்த சாம்பல் கூடாது.

பக்கத்தில் செம்பனை ஆலை இருந்தால், பழம் உதிர்த்த வெறுங்குலையைக் கேட்டு வாங்கி மூடாக்காகப் போடலாம். அதில் சாம்பல் சத்து மிகுதி. ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும்.

மழையும் வெயிலும்

இனி ஆண்டைச் சுற்றி வருவோம். நாம் சொல்லும் கணக்கு மேற்குக் கரைக்கு உரியது. கிளந்தான், திரங்கானு, பகாங் கரையோரத்தில் இருப்பவர்களுக்குக் கார்த்திகை, மார்கழியில் கனமழை, சில ஆண்டுகளில் வெள்ளம். அவர்கள் வெள்ளம் வடிந்த பிறகே பாத்தி எடுக்க வேண்டும். கெடா, பெர்லிஸ் பக்கத்தில் தையும் மாசியும் மற்ற இடங்களைவிடக் கடுமையாகக் காயும்.

தை, மாசி. மழை குறைந்த காலம். இந்த மாதங்களில்தான் பால்மரம் இலை உதிர்க்கிறது. நம் நாட்டில் நம் கண்முன் நடக்கும் இலையுதிர்காலம் அது. எந்த மாதத்தில் மண்ணுக்குப் போர்வை தேவையோ, அந்த மாதத்திலேயே மரம் போர்வையைக் கொட்டுகிறது, பாருங்கள்! பாதை ஓரத்திலும் வாசலிலும் விழுந்த இலையைக் கூட்டி எரிக்காதீர்கள். சாக்கில் கட்டி வையுங்கள். மிளகாய், கத்தரி, வெண்டைச் செடிகளைச் சுற்றி நாலு விரற்கடை உயரத்துக்குப் போடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரையும் காய்கறி கழுவிய தண்ணீரையும் விடியற்காலையில் வேரடியில் ஊற்றுங்கள். உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினால் பாதி ஆவியாகிவிடும்.

பங்குனி, சித்திரை, வைகாசி. பிற்பகலில் இடியும் மின்னலுமாக மழை வரும். நமக்கு முதல் பட்டம் இதுதான். பங்குனி பிறந்ததும் பாத்தி எடுங்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரம் இருக்கட்டும். பாத்திகளுக்கு நடுவில் வடிகால் இருக்கட்டும். வெண்டையும் பயற்றங்காயும் விதைத்த ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கும். பாகல், புடல், பீர்க்குக்குப் பந்தல் போடுங்கள். முளைக்கீரையும் கங்கோங்கும் மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். சிறு நாற்றுகளை மழை அடித்து வீழ்த்தாமல் தென்னங்கீற்றைச் சாய்த்து வையுங்கள். மஞ்சளும் இஞ்சியும் ஊன்ற வேண்டியது இப்போதுதான். சித்திரை முதலில் ஊன்றிய மஞ்சள் ஒன்பது மாதத்தில் முற்றும். தைப்பொங்கல் பானையில் கட்ட, நம் கொல்லையிலிருந்தே மஞ்சள் கொத்து எடுக்கலாம்.

ஆனி, ஆடி. மீண்டும் மழை குறையும். புதிதாக எதையும் பெரிதாகத் தொடங்க வேண்டாம். இது விதை எடுக்கும் காலம். நன்றாகக் காய்த்த செடியில் இரண்டு மூன்று வெண்டையையும் பயற்றங்காயையும் பறிக்காமல் முற்றவிட்டு, செடியிலேயே காயவிட்டு, விதையை எடுத்து நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்த பாட்டிலில் அடைத்துப் பெயரும் மாதமும் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், விருப்பத்தோடு செய்வார்கள்.

ஆவணி, புரட்டாசி. இரண்டாவது பட்டம். ஆடிக் கடைசியிலேயே தண்ணீர் ஊற்றி வெண்டையும் பயறும் போட்டுவிட்டால், புரட்டாசி மாதத்திலேயே காய் வரும். புரட்டாசியில் பல வீடுகளில் புலால் சமைப்பதில்லை. காய்கறி மிகுதியாக வேண்டியிருக்கும். அந்த மாதத்தில் கையில் கூடையோடு கடைக்கு ஓடுவதைவிட, கையில் கூடையோடு கொல்லைக்குப் போவது எத்தனை நன்று! கத்தரி, மிளகாய் நாற்றையும் இப்போது நட்டு வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மேற்குக் கரையிலும் மழை வலுக்கும். மெல்லிய கீரைகள் அழுகும். தண்ணீரை விரும்பும் கங்கோங்கும் சேம்பும் செழிக்கும். மூடாக்கைச் செடியின் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கி வையுங்கள். ஒட்டியிருந்தால் தண்டு அழுகும். நத்தையை இரவில் விளக்கு வைத்துப் பொறுக்குங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். வடிகாலைத் தூர் வாருங்கள். தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், டின் எதிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள். நம் காய்கறித் தோட்டம் டிங்கிக் கொசுவுக்குத் தொட்டிலாகிவிடக் கூடாது.

இவை தவிர, எல்லா மாதமும் கைகொடுக்கும் செடிகள் மூன்று உண்டு. ஒன்று முருங்கை. இரண்டு கறிவேப்பிலை. மூன்று தவசிக்கீரை, மலாய்க்காரர்கள் அதைச் செகூர் மானிஸ் என்பார்கள். முருங்கையும் தவசிக்கீரையும் கொம்பை ஒடித்து ஊன்றினாலே தழைக்கும். தவசிக்கீரையைச் சமைத்தே உண்ண வேண்டும். 1990களில் தைவானில் உடல் மெலிய வேண்டி அதைப் பச்சையாக அரைத்துச் சாறு குடித்தவர்கள் நுரையீரல் நோய்க்கு ஆளானார்கள். மரவள்ளிக்கிழங்கையும் தோலை நீக்கி நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அதில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு.

கீரை உண்ணும்போது எலுமிச்சையோ தக்காளியோ சேர்த்துக்கொள்ளுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சோறு உண்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தச் சத்து சேர்வது குறையும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள்.

நஞ்சை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்

இப்போது சொல்லப் போவதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையில் நம் பெண்கள் பலர் இருந்திருக்கிறார்கள்; இன்றும் இருக்கிறார்கள். மருந்து என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம்; அது நஞ்சு. களைக்கொல்லியான பாராகுவாட், ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிரைப் பறிக்கக் கூடியது. 2020 ஜனவரி 1 முதல் அது மலேசியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது. மற்ற களைக்கொல்லிகளும் பூச்சிக்கொல்லிகளும் புழக்கத்தில் உள்ளன. "கொஞ்சம் மிச்சம் இருந்தது, வீட்டுச் செடிக்கு அடித்தேன்" என்று யாரும் செய்ய வேண்டாம். செம்பனைக்கு அடிக்கும் அளவு வேறு; நாளை பறித்து நம் பிள்ளைக்குப் பொரியல் செய்யப் போகும் வெண்டைக்காய் வேறு.

நஞ்சு இருந்த தோம்பை எத்தனை முறை கழுவினாலும், அதில் தண்ணீர் பிடித்து வைக்கக் கூடாது. செடி வளர்க்கவும் கூடாது. மருந்தடித்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். அந்தத் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிடாதீர்கள்.

அப்படியானால் பூச்சியை என்ன செய்வது? பயற்றங்கொடியில் அசுவினி கூட்டமாக ஒட்டியிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள். கோயில் வாசலில் வேப்பமரம் இருந்தால், இலையை இடித்து ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம். பாகற்பிஞ்சு விரல் நீளம் ஆனதும் பழைய செய்தித்தாளில் பை செய்து மூடிவிட்டால் பழ ஈ முட்டையிட முடியாது. ஒரே செடியைப் பாத்தி முழுக்க நடாமல் கலந்து நடுங்கள். நடுவே செண்டுமல்லி வையுங்கள். அதன் வேர், மண்ணிலுள்ள வேர்முடிச்சுப் புழுவைக் குறைக்கும்; பூ சாமிக்கு ஆகும். புகையிலைச் சாறு மட்டும் வேண்டாம். அதுவும் மனிதருக்கு நஞ்சுதான்.

மண் நமதல்ல என்றால்?

"வாத்தியாரே, இருக்கும் வீடே நமதில்லை. இன்றைக்கு இருக்கச் சொல்வார்கள், நாளைக்குத் தோட்டத்தை விற்றுவிட்டோம் என்பார்கள். இதில் செடி நட்டு என்ன பயன்?" இப்படிக் கேட்பவர்கள் உண்டு. ஞாயமான கேள்விதான். தோட்டம் துண்டாடப்பட்டு, நட்ட முருங்கையையும் கட்டிய பந்தலையும் விட்டுவிட்டு வண்டியேறிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த வேதனையை வாயால் ஆற்றிவிட முடியாது.

ஆயினும் ஒன்று சொல்வோம். கீரை கேட்பது மூன்று வாரம். வெண்டை கேட்பது ஐம்பது நாள். அவ்வளவு காலம் எந்த வீட்டிலும் இருப்போம். மண்ணை அரிசிச் சாக்கிலும் எண்ணெய் டின்னிலும் நிரப்பி வளர்த்தால், பாதி மண், பாதி மக்கிய உரம், அடியில் நாலு துளை, அவ்வளவுதான், போகும் இடத்துக்கு அதையும் தூக்கிக்கொண்டு போகலாம். தாமானுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் குடிபெயர்ந்தவர்களுக்கும் இதுவே வழி. பாட்டிலில் அடைத்த விதை எந்த லாரியிலும் ஏறும். விதை எடுக்கவும் மண்ணைச் செய்யவும் கற்றுக்கொண்ட பிள்ளையிடமிருந்து அதை எவரும் திரும்பப் பெற முடியாது. நிலைத்து நிற்கும் மரங்களை மட்டும், நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடுங்கள்.

நேயர்களே, சொன்னவை அனைத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். கூட்டிய இலையை எரிக்காமல் ஒரு மூலையில் குவித்து, அதன்மேல் இன்றைய காய்கறித் தோலைப் போட்டு மூடுங்கள். அடுத்த வாரம் ஒரு சாக்கில் கங்கோங்கோ முளைக்கீரையோ விதையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கீரையைப் பறித்துக் கடையும்போது, முதல் கரண்டி வீட்டுத் தாயின் தட்டில் விழட்டும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சத்தை உண்பவர் அவர்தான். இந்தக் கீரை முதலில் வேண்டியிருப்பதும் அவருக்குத்தான்.